அச்சமுள்ள காலத்தில் ஆட்டம் பார்க்கப் போகலாமா?

 

பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையே காடாம்புலியூர் என்றோர் ஊர் உண்டு. முந்திரியும் பலாவும் செழித்து நிற்கும் பூமி. ஒரு ஜும்ஆ நாளில் அப்பக்கம் போயிருந்த நம்மை ஒரு வீட்டில் பகலுணவுக்கு அழைத்திருந்தார்கள். உணவு முடிந்ததும் அவ்வீட்டுத் தாயார் கதவோரம் வந்து நின்று, ஒரு சங்கதி கேட்க வேண்டும் என்றார்.

"ஹஜ்ரத், எனக்கு இவன் ஒரே பிள்ளை. நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். கூட்டாளிகளோடு சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்க டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறான். நான் போகவே கூடாது என்கிறேன். அவ்வளவு பெரிய கூட்டத்தில் எவனாவது குண்டு வைத்துவிட்டால் என் பிள்ளை கதி என்ன? குண்டே வெடிக்காமல் வெறும் புரளி கிளம்பினாலும், பேரைக் கேட்டதும் இவனைத்தானே முதலில் பிடித்து வைத்து விசாரிப்பார்கள்? போகலாமா, கூடாதா? நீங்களே சொல்லிவிடுங்கள்."

தலை குனிந்து உட்கார்ந்திருந்த பிள்ளை மெல்லச் சொன்னான்: "நான் ஒரு தப்பும் பண்ணலியேம்மா. நான் ஏன் ஒளிஞ்சிக்கிட்டு இருக்கணும்?"

அந்தத் தாயின் அச்சமும் உண்மை. அந்தப் பிள்ளையின் கேள்வியும் உண்மை. ஒரே வார்த்தையில் விடை சொல்லிவிட்டுப் புறப்பட நமக்கு மனம் வரவில்லை. இதே பேச்சு இன்று நம்மவர் வீடுகள் பலவற்றிலும் நடக்கிறது. ஆகவே அன்று அவ்வீட்டில் சொன்னவற்றைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

விளையாட்டுப் பார்ப்பது குற்றமா?

முதலில் இதைத் தெளிவாக்கிக் கொள்வோம். உடலுக்கு வலிவு தரும் விளையாட்டை இஸ்லாம் வெறுக்கவில்லை. அபிசீனிய நாட்டார் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தமக்குப் பின்னே நிறுத்திக்கொண்டு, அவர்களே போதுமென்று சொல்லும்வரை பார்க்கச் செய்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ள செய்தி. அன்னையோடு நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள்.

ஆனால் எல்லைகள் உண்டு. தொழுகை தவறக்கூடாது. சூதும் பந்தயப் பணமும் கலக்கக்கூடாது. இன்று கைபேசி வழியாகவே அந்தச் சூது வீட்டுக்குள் வந்துவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். வாயில் ஆபாசமும் ஏச்சும் வரக்கூடாது. வீட்டுச் செலவுக்கு வைத்த காசு டிக்கெட்டுக்குப் போகக்கூடாது. இந்த எல்லைகளுக்குள் நிற்பவனை, ஆட்டம் பார்த்தான் என்பதற்காக மட்டும் குற்றவாளியாக்க நமக்கு உரிமையில்லை.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை

அந்தத் தாயார் வீணாகப் பயப்படுகிறார் என்று நாம் சொல்லமாட்டோம். 1972இல் ம்யூனிக் ஒலிம்பிக் போட்டியின்போது இஸ்ரேல் நாட்டுக் குழுவினர் 11 பேர் கொல்லப்பட்டது தொட்டு, விளையாட்டுக் கூட்டங்கள் கொலைகாரர்களின் கண்ணில் பட்டே வந்திருக்கின்றன. 2008 ஏப்ரல் 6 அன்று இலங்கையில் வெலிவேரிய என்னுமிடத்தில், புத்தாண்டையொட்டிய மாரத்தான் ஓட்டம் தொடங்கவிருந்த நேரத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளே மாண்டார். முன்னாள் ஓட்ட வீரர் கருணாரத்னவும் தடகளப் பயிற்சியாளர் லக்ஷ்மன் டி அல்விஸும் அவரோடு மாண்டனர். 2009 மார்ச் 3 அன்று லாகூரில், இலங்கைக் கிரிக்கெட் அணி சென்ற பேருந்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நம் தமிழர் முத்தையா முரளிதரனும் அந்த வண்டியில் இருந்தார். அணியைக் காக்க நின்ற காவலர் 6 பேர் உயிர் துறந்தனர். 2010 ஏப்ரல் 17 அன்று பெங்களூர் சின்னசாமி விளையாட்டரங்கின் வெளிச்சுவர்ப் பக்கம் குண்டுகள் வெடித்துப் பலர் காயமுற்றனர். 2015 நவம்பர் 13 அன்று பாரிஸ் நகரத்தை அடுத்த கால்பந்து அரங்கின் வெளியே மூவர் தங்களையே வெடித்துச் சிதறடித்துக் கொண்டார்கள்.

இவற்றில் சிலவற்றைச் செய்தவர்கள் நமது மார்க்கத்தின் பெயரைத் தங்கள் வாயில் வைத்திருந்தார்கள். இதை மறைத்துப் பேசுவது ஈமானுக்கு அழகல்ல. அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மனிதகுலம் முழுவதையும் கொன்றதற்குச் சமம் என்ற கருத்தை அல்லாஹ் ஸூரத்துல் மாயிதாவின் 32ஆம் வசனத்தில் விளங்க வைத்திருக்கிறான். ஆட்டம் பார்க்க வந்தவனையும், கடலை விற்க வந்தவனையும், காவலுக்கு நின்றவனையும் கொல்பவனுக்கு இஸ்லாத்தில் எந்த இடமுமில்லை. நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

இரண்டு தவறுகள்

அச்சம் வரும் வேளையில் மனிதன் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறான். ஒருவன், விதித்தது நடக்கும் என்று சொல்லிவிட்டு எந்தக் கவனமுமின்றிக் கூட்டத்தில் பாய்கிறான். மற்றவன், கதவை அடைத்துக்கொண்டு உலகமே அழிந்துவிட்டதாக எண்ணி நடுங்குகிறான். முந்தியவன் தவக்குலை அறியாதவன். பிந்தியவன் தவக்குலை இழந்தவன்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்கு உபதேசித்த செய்தி திர்மிதீயில் உள்ளது. நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ளலாகாது என்ற எச்சரிக்கை ஸூரத்துல் பகராவின் 195ஆம் வசனத்திலும், அல்லாஹ் நமக்கு விதித்தது தவிர வேறெதுவும் நம்மைத் தீண்டாது என்ற ஆறுதல் ஸூரத்துத் தவ்பாவின் 51ஆம் வசனத்திலும் இருக்கின்றன. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கேட்டுத் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேள்வி எழுந்தபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே போவதாக அவர்கள் விடை பகர்ந்தார்கள். நோய் இருப்பது திண்ணமாகத் தெரிந்த இடத்துக்குப் போகாமலிருந்தார்கள். அதற்காகப் பயணங்களையே விட்டுவிடவில்லை.

காடாம்புலியூர்க்காரருக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் வேண்டாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைப்பதை விட்டால் சுரங்கத்தின் அடித்தளத்தையே அது உடைத்துவிடும். ஆபத்து உண்டென்று சுரங்கத்தை மூடிவிடவில்லை; சுரங்கம் வேண்டுமென்று ஆபத்தை மறந்துவிடவுமில்லை. 2020 ஜூலை 1 அன்று அங்கே அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். அதற்குப் பின்னும் தாய்மார்கள் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பித்தானே வருகிறார்கள்? "அம்மா, தினமும் அந்தப் பிள்ளையை யாரை நம்பி வேலைக்கு அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டோம். "அல்லாஹ்வை நம்பித்தான் ஹஜ்ரத். தலைக்கவசம் போட்டுக்கொண்டாயா என்றும் கேட்டுத்தான் அனுப்புவேன்" என்றார். தவக்குலுக்கு இதைவிட நல்ல விளக்கம் நாம் கேட்டதில்லை.

அச்சவேளைத் தொழுகை தரும் பாடம்

இவ்விஷயத்தில் நமக்கு மிகப் பெரிய பாடம் ஸலாத்துல் கவ்ஃப் என்னும் அச்சவேளைத் தொழுகையில் இருக்கிறது. எதிரி தாக்குவான் என்ற அச்சமுள்ள களத்திலே அல்லாஹ் ஜமாஅத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரு பிரிவினர் நாயகம் (ஸல்) அவர்களோடு தொழ, மற்றொரு பிரிவினர் காவல் நிற்க வேண்டும்; பின்னர் இவர்கள் அவ்விடத்துக்கும் அவர்கள் இவ்விடத்துக்கும் மாறிக்கொள்ள வேண்டும். ஸூரத்துன் னிஸாவின் 102ஆம் வசனம் இம்முறையைச் சொல்லித் தருகிறது. அச்சம் கூட்டத்தைக் கலைக்கவில்லை; அது கூட்டத்துக்கு ஒரு காவலை ஏற்படுத்தியது.

தொழுகையும் ஆட்டமும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். ஆயினும் அச்சத்தை எப்படிச் சமாளிப்பது என்ற பாடம் இரண்டுக்கும் பொது. விளையாட்டரங்கில் எல்லைக் கோட்டுக்கு அப்பால் நிற்கும் காவலரைக் கவனித்திருக்கிறீர்களா? அத்தனை ஆயிரம் பேரும் ஆட்டத்தைப் பார்க்க, அவர் மட்டும் ஆட்டத்துக்கு முதுகு காட்டி நம்மைப் பார்த்து நிற்கிறார். அவருக்கும் ஆட்டம் பார்க்க ஆசை இருக்கும். நாம் பார்ப்பதற்காக அவர் பார்க்காமலிருக்கிறார். அவருக்கு நன்றியும் ஒத்துழைப்பும் காட்டுவது நம் கடமை.

சேப்பாக்கம் கண்ட காட்சி

2008 நவம்பர் 26 அன்று பம்பாயில் தொடங்கிய கொலைவெறியில் 166 பேர் மாண்டார்கள். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். அப்போது இந்தியாவில் ஆடிக்கொண்டிருந்த இங்கிலாந்துக் கிரிக்கெட் அணி பாதியிலேயே ஊர் திரும்பிவிட்டது. இனி அவர்கள் வரமாட்டார்கள் என்றுதான் பலரும் எண்ணினர். அவர்களோ திரும்பி வந்தார்கள். அகமதாபாத்தில் நடக்க இருந்த போட்டி சென்னைச் சேப்பாக்கத்துக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 9 அன்று ஹஜ்ஜுப் பெருநாள். இரண்டு நாள் கழித்து 11ஆம் தேதி ஆட்டம் தொடங்கியது. ஆயுதமேந்திய காவல் சுற்றிலும் நிற்க, மக்கள் வரிசையில் நின்று சோதனைக்கு உட்பட்டு உள்ளே போனார்கள். 15ஆம் தேதி இந்தியா 387 ஓட்டங்களை எட்டி வென்றது. ஆட்டமிழக்காமல் 103 ஓட்டங்கள் எடுத்த டெண்டுல்கர் அதைப் பம்பாய் மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

அந்தப் பெருநாளன்று பம்பாயில் முஸ்லிம்கள் துக்கத்தின் அடையாளமாகக் கறுப்புப் பட்டை அணிந்து தொழுதார்கள். கொலைகாரர்களில் மாண்டுபோன ஒன்பது பேரின் உடல்களை அடக்க அந்நகரத்து முஸ்லிம் கப்ருஸ்தான் நிர்வாகத்தார் இடம் தர மறுத்தார்கள். இப்படிப்பட்டவர்கள் எங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று அவர்கள் உலகறியச் செய்துவிட்டார்கள்.

அதற்கு முன்னும் சேப்பாக்கம் ஒரு நல்ல காட்சியைக் கண்டது. 1999 ஜனவரியில் பாகிஸ்தான் அணி வருவதை எதிர்த்து டில்லி மைதானத்தின் ஆடுகளத்தையே சிலர் தோண்டிப் பாழாக்கியிருந்தனர். பலத்த காவலோடு சென்னையில் நடந்த போட்டியில் பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது. தோற்ற வருத்தத்தை விழுங்கிக்கொண்டு சென்னை மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வென்ற அணி மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டது. பகைக்கும் பயத்துக்கும் எளிய மக்கள் கொடுத்த பதில் அது.

புரளியும் நெரிசலும்

பெங்களூர் சின்னசாமி அரங்கைப் பற்றி முன்னே சொன்னோம். 2010இல் அங்கே குண்டு வெடித்தும் உயிர்ச்சேதமில்லை. ஆட்டம் ஒரு மணி நேரம் தாமதித்து நடந்தது. அதே அரங்கின் வாசலில் 2025 ஜூன் 4 அன்று, குண்டுமில்லை, துப்பாக்கியுமில்லை. வெற்றி விழாவுக்குத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 11 பேர் மாண்டார்கள். நாம் குண்டுக்கு அஞ்சுகிறோம். பக்கத்திலிருப்பவனைத் தள்ளுவதற்கு அஞ்சுவதில்லை. எவருடைய நாவாலும் கையாலும் பிறருக்குத் தீங்கு நேராதோ அவரே முஸ்லிம் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. வரிசையில் முண்டியடிக்கும் கையும் அந்தக் கையில் அடங்கும்.

இன்னொன்று புரளி. பாதுகாப்பைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ ஒரு செய்தி வந்ததும் ஆராயாமல் பரப்புவதைக் கண்டித்து, பொறுப்புள்ளவர்களிடம் அதைக் கொண்டு சேர்க்க வேண்டுமென்று ஸூரத்துன் னிஸாவின் 83ஆம் வசனம் வழி காட்டுகிறது. கைபேசியில் வரும் செய்தியை நாற்பது பேருக்குத் தள்ளிவிடும் நமது இளைஞர்கள் இதை நெஞ்சில் பதிக்க வேண்டும். நெருக்கமான கூட்டத்தில் "குண்டு" என்று ஒருவன் கத்தினால் போதும்; மிதிபட்டே பலர் மாள்வர். பயணத்தில் உறங்கிக்கொண்டிருந்த ஒரு தோழரின் பொருளை மற்றவர் எடுக்க, அவர் திடுக்கிட்டுப் போனார். அப்போது ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகாதென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் உள்ளது. வேடிக்கைக்காக மிரட்டல் அழைப்பு விடுப்பவனும் மிரட்டல் கடிதம் எழுதுபவனும் எவ்வளவு பெரிய பாவத்தைச் சுமக்கிறார்கள் என்பதை இதிலிருந்து அறியலாம்.

பெயரைக் கண்டு சந்தேகிப்பார்களே?

அந்தத் தாயார் குண்டைப் பற்றிச் சொன்னபோது குரல் உயர்ந்தது. இதைச் சொன்னபோது குரல் உடைந்தது. இந்த வலியை இல்லையென்று நாம் மறுக்கமாட்டோம். நிரபராதியான பிள்ளை பெயரால் சந்தேகிக்கப்படுவது அநீதிதான். ஆனால் அநீதிக்குப் பயந்து நாமே நம்மை ஒதுக்கிக்கொண்டால், சந்தேகப்படுகிறவனின் எண்ணத்தை நாமே உறுதிப்படுத்தியவர்களாவோம்.

லாகூரில் துப்பாக்கிக் குண்டுகள் பேருந்தைத் துளைத்தபோது வண்டியை நிறுத்தாமல் ஓட்டி அரங்கத்துக்குள் கொண்டுபோய் வீரர்களைக் காப்பாற்றியவர் மெஹர் முஹம்மது கலீல் என்னும் ஓட்டுநர். பாரிஸில் டிக்கெட் இல்லாமல் உள்ளே நுழையப் பார்த்த ஒருவனைத் தடுத்து நிறுத்தியவர் ஸலீம் என்னும் வாயிற்காவலர். அவன் குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவன் என்பது பின்னர்தான் தெரிந்தது. அவன் உள்ளே போயிருந்தால் எத்தனை குடும்பங்கள் அழிந்திருக்கும்! இருவரும் முஸ்லிம்கள். தங்கள் வேலையை அமானிதமாகக் கருதிச் செய்தார்கள், அவ்வளவுதான். நமது பெயருக்கு மதிப்பைத் தேடித் தருவது இத்தகைய நடத்தைதான்.

ஆகவே வாசலில் பையைத் திறக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் திறந்து காட்ட வேண்டும். அந்தச் சோதனை நம் உயிருக்கும் காவல். தண்ணீர்க் குப்பி, தீப்பெட்டி என்று தடுத்த பொருள்களைக் கொண்டுபோகக் கூடாது. அடையாள அட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டும். யாரேனும் தகாத வார்த்தை சொன்னால் அங்கே கைகலக்காமல், பெரியவர்களிடமும் மேலதிகாரிகளிடமும் முறையாக எடுத்துச் சொல்ல வேண்டும். பொறுமை கோழைத்தனமல்ல.

நாம் சொன்ன விடை

கடைசியில் அந்தத் தாயாரிடம் சொன்னோம்: "அம்மா, பிள்ளையை அனுப்புங்கள், ஆனால் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லி அனுப்புங்கள். ஆபத்து உண்டென்று அரசாங்கத்தார் ஆட்டத்தை நிறுத்தினாலோ, போக வேண்டாமென்று எச்சரித்தாலோ டிக்கெட் காசு போனாலும் போகட்டும், வீட்டிலேயே இருக்கட்டும். 2025 மே மாதத்தில் எல்லையில் சண்டை மூண்டபோது தர்மசாலாவில் நடந்துகொண்டிருந்த ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திக் கூட்டத்தை அமைதியாக வெளியேற்றினார்கள். போட்டிகள் ஒரு வாரத்துக்கு மேல் நின்று, பிறகு நடந்தன. நிறுத்த வேண்டிய வேளையில் நிறுத்துவதும் தவக்குலுக்கு விரோதமல்ல."

பிள்ளையிடம் இப்படிச் சொன்னோம்: "தம்பி, எந்தப் பஸ்ஸில் போகிறாய், எதில் திரும்புகிறாய் என்பதை அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. உள்ளே போனதும் வெளியே வரும் வழி எதுவென்று முதலில் பார்த்துக்கொள். பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று கூட்டாளிகளோடு பேசி வைத்துக்கொள். கேட்பாரற்ற பை கிடந்தால் தொடாதே, காவலரிடம் சொல். கூட்டம் நெரிந்தால் முந்தாதே. சேப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே திருவல்லிக்கேணியில் ஆற்காட்டு நவாபு குடும்பத்தார் 1795இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே வக்துத் தொழுகையை முடித்துக்கொண்டு போ. வீட்டை விட்டு இறங்கும்போது துஆ ஓதி, அம்மாவின் கையைப் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டு இறங்கு."

அந்தத் தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ராத்திரி எந்நேரமானாலும் வந்து கதவைத் தட்டு. நான் முழித்திருப்பேன்" என்று பிள்ளையிடம் சொன்னார்.

அன்பிற்குரிய வாசகர்களே! நம் பிள்ளைகளை உலகத்திலிருந்து மறைத்து வைத்துக் காப்பாற்றிவிட முடியாது. ஒழுக்கத்தையும் கவனத்தையும் தந்து, அல்லாஹ்வின் பொறுப்பில் விட்டு அனுப்புவதே நம்மால் ஆனது. ஒருவர் மகிழ ஒருவர் காவல் நிற்கும் சமூகமாக நாம் இருப்போமானால், அச்சம் நம்மைக் கலைத்துவிடாது.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைப் போகுமிடமெல்லாம் பத்திரமாகக் காத்து வீடு சேர்ப்பானாக. கொலைகாரர்களின் தீங்கிலிருந்து எல்லா மக்களையும் காப்பானாக. நம் கையாலும் நாவாலும் எவருக்கும் அச்சம் நேராத நல்ல முஸ்லிம்களாக நம்மை வாழச் செய்வானாக. ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!